மழைக்கு வாய்ப்பில்லை

நூலக வாசலில் தொங்கும் கரும்பலகையில் தினமும் காலை எட்டு மணிக்கு இரண்டு விஷயம் எழுத வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. மேலே வானிலை, கீழே ஊர்க்குறிப்பு. கீழ்ப்பாதி நூலகருக்குச் சுலபம். வீடுகள் இருநூற்றுப் பன்னிரண்டு. பேருந்து ஒன்று, அதுவும் மனசு வைத்தால் வரும். பத்து வருஷமாக அதையே எழுதுகிறார். யாரும் குறை சொன்னதில்லை, யாரும் படித்ததும் இல்லை. மேல்பாதியைத்தான் ஊரே படித்தது. அதைப் பார்த்துத்தான் விதைத்தார்கள், அறுத்தார்கள், துணி துவைத்தார்கள். நூலகருக்கு 'வானிலை' என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது.

மலைக்கு அந்தப் பக்கமிருக்கும் டவுனுக்கான அறிவிப்பைச் செல்போனில் பார்ப்பார். மழை மலையேறி இறங்க அரைநாள் என்று ஒரு கணக்குப் போடுவார். அவ்வளவுதான் அவருடைய விஞ்ஞானம். மூன்று நாளாகச் செல்போன் கோபுரம் படுத்துக் கிடந்தது. பலகையை வெறுமையாக விடலாமா? கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. 'மழைக்கு வாய்ப்பில்லை' என்று மூன்று நாளும் அடித்துவிட்டார்.

அதை நம்பி அவருடைய அக்கா, அந்த வருஷத்து மக்காச்சோளம் மொத்தத்தையும் உதிர்த்துக் களத்தில் காயப்போட்டிருந்தாள்.

இன்று பதினோரு மணிக்கு மலை உச்சியைக் காணோம். நூலகர் உட்கார்ந்தார், எழுந்தார், வாசல்வரை போனார், வந்தார், மறுபடி போனார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த தையல்காரர் நிமிர்ந்தார்.

"என்ன வானிலை, நடையா நடக்கிறீங்க?"

"இருட்டிக்கிட்டு வருதே, பாக்கலையா?"

"நீங்கதான் இல்லைன்னு எழுதிட்டீங்களே. நான் எதுக்குப் பாக்கணும்?"

அந்த நம்பிக்கைதான் நூலகரைக் குத்தியது. வெளியே வந்து பலகையை முழங்கையால் துடைத்தார். "மழை வரப்போவுது, எல்லார்கிட்டயும் சொல்லுங்க" என்று தையல்காரரை விரட்டிவிட்டு, சைக்கிளில் ஏறினார்.

களத்தில் அக்கா சோளத்தைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, குவி. மழை வருது."

"பலகையில..."

"பலகை கெடக்கு. தார்ப்பாய் எங்க?"

மரத்தடியில் கண்ணயர்ந்திருந்த மாமாவும் எழுந்து வந்தார். மூவரும் வாரிக் குவித்துத் தார்ப்பாயை இழுத்து மூடுவதற்குள் முதல் துளிகள் விழுந்தன, கூடவே காற்று. பாயை அமுக்கி வைக்கக் களத்தில் ஒரு கல்லும் இல்லை. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். மூலை நான்கு, ஆள் மூன்று. நூலகர் ஒரு மூலையில் தலையும் மறு மூலைக்குக் காலுமாக நீட்டிப் படுத்தார். ஒரு சாண் போதவில்லை.

மழை முகத்தில் அறைந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அக்கா, மூணு நாளா குத்துமதிப்பாத்தான் எழுதுனேன். போன் வேலை செய்யல."

அக்கா தன் மூலையை இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள்.

"தெரியலன்னு எழுதினா பலகை ஒடஞ்சிடுமா?"

"ஒரு மாதிரியா இருக்குமேன்னு..."

"இப்ப எப்படி இருக்கு?"

மாமா சிரிப்பை அடக்க இருமினார். வாராமல் விட்ட ஓரத்துச் சோளம், ஒரு மூட்டை தேறும், மஞ்சளாக வாய்க்காலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அக்கா அதையே பார்த்தாள். அப்புறம் தம்பியைப் பார்த்தாள். சேலைத் தலைப்பைப் பிழிந்து, எட்டி அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"காலை நல்லா நீட்டுடா. அந்தப் பக்கம் தூக்குது."

நீட்டினார்.