பகலில் விழித்திருத்தல்

மதியச் சோறு உண்டபின் உட்காரக் கூடாது என்பது வன்னியபெருமாள் தமக்கு விதித்துக்கொண்ட முதல் விதி. உட்கார்ந்தால் முதுகு சுவரைத் தேடும்; முதுகுக்குச் சுவர் கிடைத்துவிட்டால் கண் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆகையால், சாலைக் கம்போளம் என்னும் சந்தைக்குப் பின்புறம் முடுக்குக்குள் இருந்த தம் லைன் வீட்டின் வாசலில், தீபாராதனைக்குக் காத்திருப்பவரைப் போல நின்றுகொண்டே இருந்தார். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தார். மடித்தவற்றை உதறி, இன்னும் நேராக மடித்தார். வாளித் தண்ணீரில் முகத்தைக் கழுவினார், துடைக்கவில்லை. ஈரம் தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும்வரை தாம் விழித்திருப்பதற்கு அது சாட்சி. ஈரம் உலர்ந்ததும் கம்போளத்துக்குள் நடந்து, தேவையில்லாத சின்ன வெங்காயத்தை விலை கேட்டார். வாங்காமல் திரும்பினார். வெங்காயக்காரன் முதல் வாரம் கோபப்பட்டான், இப்போது அவர் தலையைக் கண்டதும், "உறக்கம் வருந்நோ அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்கிறான்.

தம்பானூரில் பஸ் நிலையத்துக்கு எதிரேயுள்ள சைவ ஹோட்டலில் இளவயது முதல் அவர் இரவுத் தோசை மாஸ்டராக இருந்தார். நெடுந்தூர பஸ்களில் வந்து இறங்குவோரும் கடைசி ரயிலைத் தவறவிட்டோரும் தின்ற தோசைகள் எல்லாம் அவர் வார்த்தவை. அவர் வேலை முடித்து வீடு சேரும்போது மனைவி பார்வதியம்மாள் பழவங்காடி கணபதி கோயிலுக்கு முன்னால் தேங்காய்க் கடைக்குப் போயிருப்பாள். பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய்களை விடியுமுன்னே எடுத்துக் கொடுக்கத் தொடங்கவேண்டிய வேலை அது. மதியம் அவள் திரும்பும்போது அவர் உறக்கத்தில் இருப்பார். மாலை நேரம் மட்டும் இருவருக்கும் பொதுவாக இருந்தது. விளக்கு வைத்துச் சாப்பிட்டானதும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு மகளும் பிறந்து, வளர்ந்து, வள்ளியூருக்கு மணம் முடித்துப் போனாள். யாரும் எதையும் குறையாகச் சொன்னதில்லை.

அந்தக் குறை, சென்ற கர்க்கடக மாத மழையில் தெரிந்தது. ஒரு நாள் காலை அவர் வீட்டுக்கு வந்தபோது கதவு பூட்டாமல் வெறுமனே சாத்திக் கிடந்தது. பார்வதிக்கு இரவில் குளிர்ஜுரம் கண்டு, நினைவு தப்பும் நிலைக்குப் போய், எதிர்வீட்டு ஜெபமலர் ஆட்டோவில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாள். அவள் பிழைத்து வந்துவிட்டாள். ஆனால், தம் மனைவி நடுங்கிக் கிடந்த நேரத்தில் தாம் யாரோ ஒருவருக்கு நெய் ரோஸ்டைச் சுருட்டிக்கொண்டிருந்தோம் என்பதை அவரால் கடந்துபோக இயலவில்லை. அதன்பின் கண்ணில் புரை எடுத்த டாக்டர் அடுப்பு வெக்கை ஆகாது என்று சொன்னதும், வருத்தப்பட வேண்டிய அந்தச் செய்தியை அவர் தீர்ப்பு சாதகமானவரைப் போலக் கேட்டுக்கொண்டார். இனி இரவில் வீட்டில் இருப்பது. மற்றவர்களைப் போல இரவில் உறங்குவது.

உடம்பு அந்த முடிவுக்குக் கட்டுப்படவில்லை. பொழுது சாய்ந்தால் அதற்கு வேலைக்குப் புறப்படும் சுறுசுறுப்பு வந்துவிடும்; நடு இரவில் கை தானாகவே மாவுக் கரண்டியைத் தேடும். உறக்கத்துக்கு வேறொரு டாக்டரிடம் கேட்டார்கள். மாத்திரை தரமாட்டேன், இந்த வயதில் தடுமாறி விழுந்து எலும்பு முறிந்தால் ஒட்டாது என்றார் அவர். பகல் உறக்கத்தை அறவே விட வேண்டும், நாள்தோறும் ஒரே நேரத்தில் படுக்க வேண்டும், அறை நல்ல இருட்டாக இருக்க வேண்டும் என்றார். பார்வதி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். வீடு திரும்பியதும் முதல் வேலையாக, சபரிமலைக்குப் போனபோது அவர் உடுத்தியிருந்த கறுப்பு வேட்டியை எடுத்து ஜன்னலில் ஆணி வைத்து அடித்தாள்.

அன்றிலிருந்து அவர் கிணற்றுக்குள் படுத்திருப்பதைப் போன்ற இருட்டில் படுத்திருக்கிறார். புரண்டால் அவள் விழித்துவிடுவாளே என்று புரள்வதில்லை. இருமல் வந்தால் தலையணையில் விழுங்குகிறார். இவ்வளவு கவனமாக இருந்தும் பக்கத்தில் அவள் மூச்சு உறங்குகிறவளின் மூச்சாக மாறவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. தம் விழிப்பு கட்டில் வழியாக அவளுக்கும் தொற்றுகிறது என்றே அவர் முடிவு செய்தார். இத்தனை காலம் தனியாக, நிம்மதியாக உறங்கியவள். இப்போது கடையில் தேங்காயைக் கையில் ஏந்தியபடியே கண்ணயர்ந்துவிடுகிறாள். ஒரு முறை எதிரே நின்ற பக்தர் அவள் தியானத்தில் இருப்பதாக எண்ணி, தாமும் கைகூப்பி நின்றாராம். அடுத்த முறை தேங்காய் நழுவிக் காலில் விழுந்து, பெருவிரல் நகம் கறுத்தது. "அம்மச்சி, உறங்ஙணமெங்கில் வீட்டில் போயி உறங்ஙு" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

நகம் கறுத்த அன்று மாலைதான் ஹோட்டல் முதலாளி ஹரிநாராயணன் போனில் கூப்பிட்டார்.

"வன்னியபெருமாளே, நம்ம நைட் வாட்ச்மேன் நின்னுபோய்ட்டான். நீர் வந்து கவுண்டர் பக்கத்துல ஒரு நாற்காலியப் போட்டுண்டு உக்காந்தா போறும். அடுப்புப் பக்கமே வரவேண்டாம். உமக்கென்ன, ராத்திரி தூங்கற பழக்கமே கெடையாதே! நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லும். இல்லேன்னா வேற ஆளப் பாக்கணும்."

பார்வதி காலில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். போனில் பேசியது அவளுக்கும் கேட்டிருந்தது.

"போங்க," என்றாள்.

"போவலன்னா?"

"போவலன்னா என்ன? பகலும் இல்லாம ராவும் இல்லாம வாசல்ல பேய் மாதிரி நிப்பிய. கண்ணாடியில மூஞ்சியப் பாத்தியளா?"

"நான் ராத்திரி இங்க கெடக்கது ஒனக்கு எடைஞ்சலா இருக்கோ?"

அவள் விரலைப் பார்த்தாளே தவிர அவரைப் பார்க்கவில்லை. "எடைஞ்சல்னு நான் சொன்னனா? ஒங்க ஒடம்பு முழிச்சுப் பழகுன ஒடம்பு. அத அடிச்சுத் திருத்த முடியாது. இம்புட்டு வருசத்த ஒரு மாசத்துல திருத்திருவியளோ?"

"மிச்சம் இருக்க வருசத்துல திருத்துவேன்."

"அதுவரைக்கும் எங் காலுல எத்தன தேங்கா விழணும்?"

தோற்பதில் அவருக்கு விருப்பமில்லை. ஆனால், தம் பிடிவாதத்துக்குத் தண்டனை அவள் கால்விரலில் விழுவது நியாயமில்லை என்பதையும் அவர் அறிந்திருந்தார். அவள் உறங்க வேண்டுமானால் தாம் விலக வேண்டும். கணக்கு அவ்வளவு எளிமையாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. ஒப்புக்கொள்வதானாலும் நேரில் போய் ஒப்புக்கொள்வதே முறை. போகிற வழியில் உறக்கமும் கலையும். மதியச் சோற்றுக்குப் பின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினார். எதிர்வீட்டு வாசலில் ஜெபமலர், சர்ச்சுக்குக் கட்டிய புடவையோடு, காலை வாளித் தண்ணீரில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஜவுளிக்கடையில் வாரம் முழுக்க நின்று வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு உட்காரக் கிடைக்கும்.

"எங்கண்ணே சட்டையெல்லாம் போட்டு? உறக்கம் வருதோ?"

"வருது. அதான் நடக்கேன்."

"எங்க வீட்டுல வந்து ஒரு அரமணிக்கூறு கெடங்க. பாய் விரிச்சித் தாரேன். அக்காட்ட சத்தியமா சொல்ல மாட்டேன்."

"இப்பிடிக் கூப்பிடுதவனுக்கு ஒங்க வேதத்துல ஒரு பேரு உண்டுல்லா?"

"உண்டு உண்டு. அந்தாளுக்குக் கொம்பும் உண்டு." அவள் சிரித்துவிட்டு, வாளியிலிருந்து காலை எடுத்துக் காட்டினாள். சுண்டுவிரல் வீங்கியிருந்தது. "இது ஒங்க வீட்டாலதான் கேட்டோ. அக்காவுக்க ரூமுல டியூபு போச்சுன்னா ஆளக் கூப்பிட்டு மாத்தப்படாதா? ராத்திரி பாத்ரூமுக்குப் போவும்போ முடுக்குல ஒண்ணும் தெரியல்ல. அந்த அம்மிக்கல்லுல போயி இடிச்சேன்."

"டியூபு நல்லாத்தான் இருக்கு. படுக்கும்போ அணைப்போம்லா."

"அணைப்பியளா?" ஜெபமலர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு, அக்காவா? நான் இந்த முடுக்குக்கு வந்த நாள் தொட்டு அந்த லைட்டு விடிய விடிய எரியும். கரண்டு போனா அக்கா எழும்பி வந்து எங்க கதவத் தட்டும். வந்து இங்ஙன உக்காந்து கத சொல்லும், கரண்டு வாறது வரைக்கும். அந்தக் காய்ச்சல் அன்னைக்கும் கரண்டு போயித்தான் வந்துச்சு. இல்லன்னா எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்க கண்டதில்லியா?" கேட்ட பிறகுதான் தன் கேள்வி அவளுக்கே கேட்டது போலும். சிரிப்பு நின்றது. "நீங்க எப்படிக் காணுவிய."

அவர் முடுக்கின் வாய்வரை நடந்தார். அங்கிருந்து பெரிய ரோட்டில் இறங்காமல் நின்றார். ஒருவரோடு ஒரு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தபின், அந்த ஒருவர் எப்படி உறங்குவார் என்பதை எதிர்வீட்டுக்காரி சொல்லித் தெரிந்துகொள்வது வெட்கத்துக்குரிய செய்தியே. ஆனால், வெட்கத்துக்கு அடியில் வேறொன்று அவர் மனத்தில் மெல்ல ஊர்ந்தது. தாம் எப்படி உறங்கினோம்? ஜன்னல் திறந்து கிடக்கும். முகத்தில் வெயில் விழும். சுமட்டுக்காரர்கள் லாரியில் சாக்கு ஏற்றும் கூச்சல் கேட்கும். அந்த வெளிச்சத்திலும் சத்தத்திலும் கட்டை போலக் கிடந்திருக்கிறார். இருட்டில் ஒரு நாளும் உறங்கியதில்லை. இருட்டு அவருக்கு வேலை நேரம். அந்த அறையில் இருட்டு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அவருக்காக அவளும், அவளுக்காக அவரும் அதைச் சுமந்துகொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பினார். குறடு இல்லாததால் இட்லித் தட்டின் காம்பை நெம்புகோலாக்கி, ஜன்னல் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கறுப்பு வேட்டியை மடித்து வைத்துக் காத்திருந்தார். நின்றுகொண்டுதான்.

கடையிலிருந்து பார்வதி விந்தி விந்தி உள்ளே வந்தாள். பையைக் கீழே வைக்குமுன்பே ஜன்னல் கண்ணில் பட்டுவிட்டது.

"அத எதுக்கு எடுத்திய? டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"நீ லைட்ட போட்டுத்தான் உறங்குவியாமே."

பையைக் கீழே வைத்தாள். "ஜெபமலருக்கு வாயி நிக்காது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எத? பேரன் பேத்தி எடுத்தவளுக்கு இருட்டுன்னா பயம்னா?" குரல் ஏறியது, பிறகு தானாகவே இறங்கியது. "வந்த புதுசுல யாரோ குடிச்சிட்டு வந்து ராத்திரி முழுக்கக் கதவத் தட்டினான். வீடு மாறித் தட்டிருக்கான். அதுல இருந்து இருட்டுல கண்ண மூடினா அந்தச் சத்தம் வரும். ஒங்ககிட்ட சொல்லிருந்தா வேலைக்குப் போவாம இருந்துருப்பியளா? இப்ப ஒங்களுக்கு உறக்கம் வரணும், இருட்டு வேணும்னு டாக்டரு சொன்னாரு. ஒருத்தராவது உறங்கட்டும்னு கெடந்தேன்."

"இருட்டுல எனக்கு உறக்கமே வராது, பார்வதி. மூஞ்சியில வெயிலடிச்சாத்தான் கண்ணு சொக்கும்."

"பின்ன அத டாக்டர்ட்ட சொல்ல வேண்டாமா?"

"நீ இருட்டுல உறங்குதவன்னு நெனச்சேன். ஊரு ஒலகத்துல எல்லாரும் அப்பிடித்தான உறங்குதாவ."

அவள் உதடு முதலில் கோணிற்று. அழப்போகிறாள் என்று அவர் பயந்தார். அவள் சிரித்தாள். "நல்ல கூத்து. ரெண்டு கெழடும் ராத்திரி முழுக்க ஒருத்தருக்கொருத்தர் மரியாதை பண்ணிக்கிட்டுல்லா கெடந்துருக்கோம்!"

அவர் போனை எடுத்தார்.

"சாமி, வன்னியபெருமாள் பேசுதேன். நான் வரல."

"ஏன்யா? என்ன கஷ்டம்?"

"ராத்திரி வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"உறங்கணும், சாமி."

"அதுக்கு ஏன்யா வீட்ல இருக்கணும்? வாட்ச்மேன் உத்தியோகமே அதுதானே!"

அவர் சிரித்தார், ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. பார்வதி இடுப்பில் கைவைத்து நின்றாள். "வந்த வேலைய வேண்டாம்னுட்டிய. லைட்ட போட்டும் உறக்கம் வரலன்னா என்ன செய்வியளாம்?"

"வேற ஒண்ணு பாப்பேன்."

"அதுவும் சரிப்படலன்னா?"

"அதுக்கடுத்தது பாப்பேன். ராத்திரி இங்கதான் கெடப்பேன்."

வழக்கமான நேரத்துக்குப் படுத்தார்கள். ட்யூப் விளக்கு எரிந்தது. ஜன்னல் வழியாக அதன் வெளிச்சம் முடுக்கில் நீளமாக விழுந்தது. யாரோ அதை மிதித்துக்கொண்டு போனார்கள். பார்வதி அவரைப் பார்த்தபடி ஒருக்களித்தாள். கண் கூசுகிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். பொய் சொல்லுதியளோ என்றாள். அதற்கு அவர் என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்து முடிப்பதற்குள், அவளுடைய மூச்சு மாறிவிட்டது.

வன்னியபெருமாள் அசையாமல் கிடந்தார். இந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. புருவங்களுக்கு நடுவிலிருந்த மடிப்பு அவிழ்ந்திருந்தது. வாய், ஏதோ சொல்லத் தொடங்கி வேண்டாமென்று விட்டதைப் போலச் சற்றே திறந்திருந்தது. எப்போதும் எதையாவது பற்றியிருக்கும் வலக்கை தலையணைமேல் விரல் விரிந்து கிடந்தது. அவருக்கும் இமை கனத்தது. அது உறக்கமா, வெறும் அயர்ச்சியா என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எதுவானாலும் சற்றுப் பிந்தட்டும் என்று கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். கடையிலிருந்து வந்த ஒரு தேங்காய் நார் அவள் மேலுதட்டருகே ஒட்டியிருந்தது. அதை எடுக்கக் கையை நீட்டி, பாதியில் நிறுத்தினார். மூச்சு வெளியே வரும்போது நார் எழுந்தது, உள்ளே போகும்போது படிந்தது, மீண்டும் எழுந்தது.