ஆறாத நீலம்

கையுறை போட்ட ஒரு விரல் என் மகளின் முதுகை அழுத்திப் பார்க்கிறது, தடுப்பூசி போடத்தான் போயிருந்தோம், இடுப்புக்கு மேலே நாவற்பழம் நசுங்கியதுபோல் நீலம், இதென்ன என்கிறாள் தாதி, பிறக்கும்போதே இருந்தது என்கிறேன் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அவள் முகம் இறுகுகிறது, லண்டனில் எந்தத் தெருவில் நடந்தாலும் அந்த முகம் முன்னே வந்துவிடுகிறது, அதன் பின்னால், அடித்த காயமென்று தாதி அறிவித்ததும் வீட்டுக்கு வந்த சிறுவர் பாதுகாப்பு அலுவலர் மார்கரெட், அவளோடு மொழிபெயர்க்க வந்த பெண் பேசியதோ ஹிந்தி, நாங்கள் தமிழாக்கள் எண்டு எத்தினை தரம் சொல்லுறது, என்று கணவர் சிவநேசன் கத்தினார், கத்தியதையும் எழுதிக்கொண்டார்கள், ஆறு மாதப் பிள்ளை ஆரணியை என் மடியிலிருந்து தூக்கி, முன்பின் தெரியாத வீடொன்றில் வளர்க்கக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி எமிலியின் மகன் கை முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டுப் போட்டு இனிப்பும் கொடுத்து அனுப்பினார்களாம், எப்படி முறிந்ததென்று தன்னிடம் ஒருவரும் கேட்கவில்லையே என்று அவளே கூசிப்போய்ச் சொன்னாள்.

வாரத்தில் ஒருநாள், காவலுக்கு ஒருத்தி இருக்க, பிள்ளையைப் பார்க்க விடுகிறார்கள், ஈரமான நப்பியைக் கழற்றி மாற்றும்போது பார்க்கிறேன், நீலம் மங்கவேயில்லை, அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும், கனவில் அது கடலாகிறது, ஆரணி அதன்மேல் தவழ்ந்து வருகிறாள், விழித்தபோது என்ன சொல்லவேண்டுமென்று எனக்குத் தெரிந்திருந்தது. நீதிமன்றத்தில் இந்த முறை தமிழ் மொழிபெயர்ப்பாளர், கேட்டு வாங்கியிருந்தோம், எழுந்து நிற்கிறேன், நீதிபதி அம்மா, அடிச்ச காயமெண்டா இதுக்குள்ள ஆறியிருக்கோணும், பிள்ளை என்ர கையில இல்லாத இவ்வளவு நாளும் இது ஏன் ஆறேல்லை, எங்கட பிள்ளையளுக்கு இது பிறவியில வாறது, எங்கட தோலைத் தெரிஞ்ச டொக்டரிட்டக் காட்டுங்கோ. நீதிபதி திரும்பி மார்கரெட்டைப் பார்த்தார், தோல் மருத்துவரிடம் காட்டினீர்களா, இல்லை, ஏன் காட்டவில்லை, உடனே காட்டுங்கள்.

காட்டினார்கள். கருந்தோல் குழந்தைகளுக்குச் சாதாரணமாக வரும் பிறவி அடையாளம், அடியில்லை, என்று அந்த மருத்துவர் வந்து சொன்ன காலையிலேயே தீர்ப்பு, பிள்ளை தாயிடம். மார்கரெட் கண் சிவந்து வந்து மன்னிப்புக் கேட்கிறாள், இனி வேறை வீட்டுக்குப் போகேக்குள்ள முதல் கேளுங்கோ, பிறகு தூக்குங்கோ, என்கிறேன், மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லும் குறையாமல் சொல்கிறார், அவள் தலையாட்டுகிறாள், நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு நீதிமன்ற வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறேன், வற்றவிடக்கூடாதென்று நாள்தோறும் அழுதழுது பிழிந்து ஊற்றிய பால் மார்பில் சுரக்கிறது, ஆரணி என்னை ஒருகணம் உற்றுப் பார்த்துவிட்டுப் பற்றிக்கொள்கிறாள், மூடுமப்பா, ஆக்கள் பாக்கினம், என்கிறார் சிவநேசன் சிரித்தும் அழுதும், பாக்கட்டும், என்கிறேன், எல்லாரும் பாக்கட்டும்.