ஒரு குழல் சீர்

அச்சங்குளத்தில் காளிராஜின் பட்டாசு ஆலைக்கு எத்தனையோ கல்யாண ஆர்டர் வந்திருக்கிறது. மகள் சுகிர்தா கேட்டதுபோல ஒன்று வந்ததில்லை.

"வரவேற்பு அன்னிக்கு வானத்துல பத்தாயிரத்து நூத்தி முப்பத்தொன்பது ஷாட் வெடிக்கணும்ப்பா."

"பத்தாயிரத்தோட முடிச்சுக்கிட்டா என்ன பாப்பா?"

"அது பகா எண் இல்லியே."

விருதுநகரில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். மாப்பிள்ளை சூர்யபிரகாஷுக்கும் அதே பித்து. நம் கல்யாணத்தில் பெரிய பகா எண் ஒன்று வெடிக்கும் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். வீடியோ எடுத்து எண்ணுவேன் என்று அவனும் மிரட்டியிருந்தான்.

"ஏழால போகுமா?"

"போகாது."

"பதிமூணு?"

"எதாலயும் போகாதுப்பா."

"அம்புட்டுக்கும் அடங்காத எண்ணா? மாப்பிள்ளையும் இப்படித்தானா?"

"இல்லப்பா, நாந்தான்."

பேக்கிங் பகுதி பொன்மணிதான் வந்து இடித்தாள். "அண்ணாச்சி, பெட்டிக்கு அறுபது குழலு, குழலுக்கு ஒரு ஷாட்டு. நூத்தி அறுபத்தொன்பது பெட்டி வச்சா, கடைசிப் பெட்டியில ஒரு குழலை எடுக்கச் சொல்லுது பாப்பா."

காளிராஜின் முகம் மாறியது. ஒரு குழல் காலியாக இருந்தாலும் அது மூளிப் பெட்டி. கல்யாணத்துக்கு மூளிப் பெட்டி அனுப்புவதில்லை என்பது அந்த ஆலையின் வழக்கம்.

"ஊரான் கல்யாணத்துக்கே அனுப்ப மாட்டேன். வேற பகா எண்ணு பாரு."

"எதை எடுத்தாலும் அறுபதால போகாதே. போனா அது பகா எண்ணே இல்லப்பா."

கொடுத்த வாக்கு அவ்வளவுதான் போல என்று சுகிர்தா உட்கார்ந்துவிட்டாள்.

பொன்மணி கேட்டாள்: "அது கெடக்கட்டும். எடுத்த குழலை எங்கன வைக்க?"

சுகிர்தா நிமிர்ந்தாள். "அக்கா, மாப்பிள்ளை வீட்டுப் பேர்ல நூத்தி அறுபத்தொன்பது பெட்டியும் முழுசா இன்னொரு லோடு கட்டி, அதுல வரிசைக்கு வெளியே இந்தக் குழலை ஒட்டிருங்க. பத்தாயிரத்து நூத்தி நாப்பத்தொண்ணு. அதுவும் பகா எண்தான். ரெண்டும் ரெட்டைப் பிள்ளைக."

"எண்ணுக்குமா ரெட்டைப் பிள்ளை?"

"உண்டுக்கா. இப்படி ஜோடி ஜோடியா வந்துக்கிட்டே இருக்குமா, எங்கனயாச்சும் நின்னுருமான்னு இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது."

"எல்லாம் சரி, நம்ம பெட்டி மூளிதானே?" என்றார் காளிராஜ்.

"பொண்ணு வீட்டுல எடுத்து மாப்பிள்ளை வீட்டுக்குக் குடுத்தா அது மூளியா அண்ணாச்சி? சீருல்ல."

காளிராஜ் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கோயில் குங்குமத்தை எடுத்து, அந்தக் குழலுக்கு ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தார்.

வரவேற்பு அன்று விருதுநகர் வானம் முழுக்கப் பூத்துக் கிடந்தது. மறுவீட்டுக்கு வந்த சூர்யபிரகாஷ் வீடியோவை எண்ணி முடித்திருந்தான்.

"மாமா, ரெண்டும் பகா எண்தான். ஆனா உங்களைவிட எங்க பக்கம் ரெண்டு கூட வெடிச்சிருக்கு."

காளிராஜ் அவன் இலையில் இன்னொரு கரண்டி கறிக்குழம்பை ஊற்றினார்.

"குடுத்தது ஒண்ணுதான் மாப்பிள்ளை. நல்லா யோசிச்சுப் பாருங்க."