எழுபத்தொரு கேள்விகளும் ஒரு விளக்கக் கடிதமும்

1

இருந்தவர்கள் நான்கு பேர். சமையலறை மேசையில் அடுப்புப் பக்கம் அம்மா. ரத்த வங்கியில் ரத்தப் பைகளின் லேபிளைச் சரிபார்க்கும் வேலை. எதிரே அப்பா, லிஃப்ட் மெக்கானிக். கதவோரம் மகள், பள்ளியிறுதித் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாங்கியவள். கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கியபின் மறுபடி ஏறிவந்து இழுத்துப் பார்ப்பதால் வீட்டில் அவளுக்குப் பூட்டு என்றே பெயர். ஜன்னலோர ஸ்டூலில் அம்மாவின் அக்கா. தண்ணீர் வாரியத்தில் முப்பது வருடம் புகார்களுக்குப் பதில் கடிதம் எழுதி ஓய்வுபெற்றவள்.

அந்தப் பெரியம்மா நான்தான். அன்று நான் எழுதி, கிழித்துப் போட்ட ஒரு தாளிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. ஆனாலும் இனி 'அவள்' என்றே எழுதுவேன். 'நான்' என்று போட்டால் பேனா எனக்குப் பரிந்துபேச ஆரம்பித்துவிடும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: அன்று வானம் மப்பும் மந்தாரமுமாக

(வேண்டாம். வானம் யாருக்கும் விண்ணப்பம் போடவில்லை.)

இரண்டாம் முயற்சி: பூட்டு விம்மி விம்மி

(அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எழுதச் சுலபம். அவள் பாட்டுக்குப் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.)

மூன்றாம் முயற்சியில் விஷயத்துக்கு வருகிறேன். மருந்தியல் கல்லூரி நுழைவுத் தேர்வு: நூற்றிருபது கேள்விகள், மூன்று மணி நேரம். பூட்டுக்குக் கிடைத்தது எழுபது. போன வருடம் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் தொண்ணூறைத் தாண்டியவர்கள். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'பள்ளி மதிப்பெண்ணுக்கும் நுழைவுத் தேர்வுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பவர்கள் ஒரு பக்கத்துக்கு மிகாமல் விளக்கக் கடிதம் இணைக்கலாம்.' அன்றுதான் கடைசி நாள். தபால் கவுன்டர் நான்கு மணிக்கு மூடும். அப்போது மணி இரண்டேகால்.

3

"தொண்ணூத்தேழு வாங்கினவ எப்படிடி எழுபதுக்கு வந்த?" என்றார் அப்பா. பத்து நாளில் பதினோராவது தடவை.

"எழுபத்தொண்ணுக்குத்தான்பா பதில் எழுதினேன். அதுல எழுபது சரி."

"மிச்சம் நாப்பத்தொம்பது?"

"பாக்கவே இல்ல. மணி அடிச்சுட்டாங்க."

ஒவ்வொரு கணக்கையும் போட்டு முடித்ததும், விடையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு முதலிலிருந்து மறுபடி போட்டிருக்கிறாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் அடுத்த கேள்வி.*

* இதை நான் நம்புவதற்குக் காரணம் உண்டு. ரத்த வங்கியில் ஒரு லேபிளை இரண்டு பேர் படிக்க வேண்டும். வீட்டில் எல்லா நேரமும் இரண்டாவது ஆள் கிடைப்பதில்லை என்பதால் என் தங்கை, ஒரே ஆள் இரண்டு தரம் பார்ப்பது என்று வழக்கமாக்கிவிட்டாள். அணைத்த அடுப்பை மறுபடி அணைக்கிற குடும்பம் இது. லிஃப்ட் மெக்கானிக் மாப்பிள்ளையோ இறுக்கின போல்ட்டுக்கு அடையாளமாகச் சாயப்புள்ளி வைத்துவிட்டு, அந்தப் புள்ளியையும் தொட்டுப் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் நேரம் தாராளம். வழக்கம் மார்க்காக மாறியது. நுழைவுத் தேர்வில் அதுவே காலை வாரியது.

4

பெரியம்மா வரைவு எழுதினாள். முப்பது வருடப் பழக்கம். குழாயில் தண்ணீர் வராததற்கு அவளிடம் நாற்பது காரணம் உண்டு. தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்:

"ஐயா, தேர்வு நாளன்று எனக்குக் கடும் காய்ச்சல் கண்டிருந்தமையால்…"

"பிரமாதம் அண்ணி!" என்றார் அப்பா. "யாரு தெர்மாமீட்டர் வெச்சுப் பாக்கப்போறா?"

"சர்டிபிகேட் கேப்பாங்க," என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். "எங்க ரத்த வங்கி டாக்டர்கிட்ட சொன்னா குடுத்துடுவாருக்கா. இத்தனை வருஷத்துல அவர்கிட்ட நான் ஒண்ணுமே கேட்டதில்ல."

(இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். பதினேழு வயதுப் பெண், பெரியவர்கள் மூவர் ஒன்றாய் நிற்கும்போது வாயைத் திறப்பாளா? முந்தைய வரைவில் அவளைத் தலையாட்ட வைத்தேன். கதை அங்கேயே படுத்துக்கொண்டது. நடந்ததையே எழுதுகிறேன்.)

"அம்மா, நான் படிக்கக் கேக்கறது மருந்து," என்றாள் பூட்டு. "உள்ள போறப்பவே லேபிள மாத்தி ஒட்டிட்டுப் போகவா?"

அம்மாவின் கை விரிப்பிலேயே நின்றுவிட்டது.

"வாய் நீளுது," என்றார் அப்பா, முன்னைப்போல் அழுத்தமில்லாமல்.

"நீளட்டும்," என்றாள் அம்மா. "அக்கா, அதைக் கிழி."

பெரியம்மா கிழித்தாள். நாலாய்க் கிழித்தது கோபத்திலா வெட்கத்திலா என்று (எனக்குத் தெரியும். எழுதமாட்டேன்.)

5

"அப்ப என்னத்த எழுதறது? 'நான் மெதுவா செய்வேன், சீட்டு குடுங்க'ன்னா?" என்றாள் பெரியம்மா.

"ஆமா. அப்புறம் இதையும்."

ரிசல்ட் வந்த நாளிலிருந்து தினம் ஒரு பழைய வினாத்தாளாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள். முதலில் எல்லாவற்றுக்கும் ஒரே ஓட்டம். நேரம் மிஞ்சினால் மட்டும் மறுபார்வை. நேற்றுப் போட்டதில் நூற்றுப் பன்னிரண்டு எழுதி, நூற்றொன்று சரி.

"நூத்தியொண்ணா! அதைப் போடு கொட்டை எழுத்துல!" என்றார் அப்பா.

"பதினொண்ணு தப்புங்கறதையும் போடணும்பா."

"ஏண்டி, உனக்கு நீயே குழி பறிக்கறியா?"

"வேகமா போனா நான் தப்பு பண்றேன். அதுவும் அவங்களுக்குத் தெரியட்டும். சேத்துக்கிட்டா ரெண்டையும் சேத்துச் சரிபண்றேன். சேத்துக்கலைன்னா அடுத்த வருஷம் மறுபடி எழுதறேன். பேனாவக் குடுங்க பெரியம்மா."

பெரியம்மா ஸ்டூலை விட்டு எழுந்து மேசையில் இடம் விட்டாள். பூட்டு எழுதியதில் ஒரு 'தாழ்மையுடன்' இல்லை, ஒரு 'ஐயா அவர்கள் சமூகத்துக்கு' இல்லை. பதினொரு வரி. படித்துப் பார்த்த பெரியம்மா திருத்தச் சொன்னது ஒரே இடம்: தேதி விட்டுப்போயிருந்தது.

6

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. சீட்டு கிடைக்கிறது. அப்பா லிஃப்ட்டை இரண்டு மாடிக்கு நடுவே நிறுத்திவிட்டு (பயணிகள் பாவம். வரியை அடித்துவிட்டேன்.)

ஆ. கிடைக்கவில்லை. அவள் மறு வருடம் நூற்றுப் பத்து வாங்கி (ஊகம். நானும் ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான்.)

இ. கல்லூரியிலிருந்து தொலைபேசி. "நீங்கதானே அந்தப் பதினொரு தப்பு?" என்று ஒரு குரல்

(மூன்றும் என் கைவேலை. காய்ச்சல் வரவழைத்த அதே கை. ஆகவே எதுவும் வேண்டாம்.)

7

மூன்று நாற்பதுக்கு நான்கு பேரும் தபால் நிலையத்தில் நின்றார்கள். முன்னால் ஆறு பேர். பசைப்புட்டி காய்ந்திருந்தது, கவுன்டர் அம்மாள் தன் மேசையிலிருந்து வேறொன்று எடுத்து நீட்டினாள். பூட்டு உறையின் மடலில் பசை தடவி, மூடி, முழங்கையால் அழுத்தினாள்.

"சீட்டு வரும்னு நினைக்கிறியா?" பெரியம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நினைக்கல பெரியம்மா. அனுப்பறேன்."

கவுன்டர் அம்மாள் எடைபோட்டு முத்திரை குத்தி, பின்னாலிருந்த சாக்குக்குள் உறையைப் போட்டாள். அதோடு என் பங்கு முடிந்தது. இப்போது ஒரு பக்கம் தொண்ணூற்றேழு, மறுபக்கம் எழுபது, நடுவே பதினொரு வரி. சேர்க்கைக் குழுவில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். உறை உங்கள் பெயருக்குத்தான் போயிருக்கிறது. பிரித்துப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.