பாத்திக்கடியில் ஒரு எல்போ

எங்கள் வீட்டு கேட்டிலிருந்து கார் ஷெட் வரைக்கும் கிடக்கிற கான்கிரீட் தளத்தை நான்தான் போட்டேன். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் பிளம்பர் வேலை பார்த்தவன் கை சும்மா இருக்குமா? அதன் மேல் யாராவது சைக்கிள் ஸ்டாண்டைப் போட்டால்கூட எனக்கு நெஞ்சு பதறும். எதிர்வீட்டில் இன்டர்நெட் கேபிள் போட வந்தவர்கள் தளத்தைக் குறுக்கே அறுத்து, மேலே சிமென்டை அப்பிவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்ததிலிருந்து, "எங்க வீட்ல ஒரு கீறல் விழாது, தளம் போடும்போதே கேபிளுக்குன்னு அடியில குழாய் விட்டுட்டேன்" என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். வாய்ச்சவடாலில் எனக்குக் குறைச்சலே கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை கேபிள்காரர் பத்து மணிக்கு வந்தார். முப்பது வயதிருக்கும், அதிகம் பேசாத ஆள். மூன்று மணிக்குள் லைன் வந்தாக வேண்டும். என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். மகள் பிறந்ததும் வேலையை விட்டாள், ஒன்பது வருடம் ஆகிறது. இப்போதுதான் வீட்டிலிருந்தே வீடியோவில் பாடம் எடுக்கிற வேலை ஒன்று அமைந்திருந்தது. மூன்று மணிக்கு வீட்டு லைனைச் சோதித்து, ஒரு மாதிரி வகுப்பும் எடுக்கச் சொல்வார்கள். லைன் இல்லையென்றால் வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்கு. ஏற்கெனவே ஒரு தடவை கெஞ்சித் தேதி தள்ளி வாங்கியிருந்தாள். போன் சிக்னலோ எங்கள் வீட்டில் மொட்டைமாடிக்கு ஏறினால்தான் எட்டிப் பார்க்கும்.

கேபிள்காரர் கேட்டுக்கு வெளியே நீட்டியிருந்த குழாய்க்குள் வளையும் ராடு ஒன்றை விட்டுத் தள்ளினார். முதலில் ராடு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கேபிள், அதுதான் முறை. ராடு சரசரவென்று உள்ளே போனது. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். நாலு மீட்டர் போனதும் டொக்கென்று நின்றுவிட்டது.

சத்தம் கேட்ட நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. குழாயை நான் நேராக விட்டிருக்கவில்லை. கேட்டருகே தளத்தைக் குறுக்கே கடந்து, செடிப் பாத்திக்கு வந்ததும் எல்போ என்கிற முட்டுத் துண்டு ஒன்றைப் போட்டு வெடுக்கென்று திருப்பி, பாத்தி மண்ணுக்கடியிலேயே வீடு வரை கொண்டுபோயிருந்தேன். தண்ணீர் எந்த முட்டிலும் திரும்பிவிடும், ராடு திரும்புமா? ஒட்டி முடித்து, தண்ணீர் விட்டு ஒழுகுகிறதா என்று வேறு பார்த்தேன். கேபிள் குழாயில் ஒழுக்கு பார்த்த ஒரே அறிவாளி நானாகத்தான் இருப்பேன். "கேபிள் போடறவங்கள ஒரு வார்த்தை கேட்டுக்குங்களேன்" என்று என் மனைவி அன்றைக்கே சொன்னாள். குழாயைப் பற்றி எனக்கே பாடமா என்று அவள் வாயை அடைத்திருந்தேன்.

"உள்ள எங்கயாவது திருப்பம் இருக்கா சார்?"

"நேராத்தான் போகுது தம்பி. நானே போட்டது" என்றேன். நாக்கு என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. சொன்ன பிறகு எப்படித் திரும்ப வாங்குவது?

அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் அந்த மனிதர் போராடினார். எண்ணெய் தடவினார், மெல்லிய ராடு மாற்றினார், முறுக்கித் தள்ளினார். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவள் தலை வாரி, பாடக் குறிப்புகளை மேசையில் அடுக்கி வைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வாசலுக்கு வந்து பார்த்துப் போனாள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன், சொல்ல மாட்டேன்.

பன்னிரண்டேகால் ஆயிற்று. கேபிள்காரர் கேட் மூலையிலிருந்து ஹால் ஜன்னலைக் குறி பார்த்து, தளத்தின் நட்டநடுவில் சாக்பீஸால் கோடு கிழித்தார்.

"நேர்க் குழாய்னா இந்த இடத்துல நசுங்கியிருக்கணும். அறுத்துப் பார்க்கணும். இல்லன்னா மூணு வாரம் கழிச்சுத்தான் வர முடியும். ஒரு மணிக்கு எனக்கு வேற வீடு இருக்கு."

"கொஞ்சம் யோசிக்கலாமே" என்று இழுத்தேன்.

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு?" என்றாள் அவள். "தளத்தை அப்புறம் பூசிக்கலாம். நீங்க அறுங்க தம்பி, நான் சொல்றேன்."

தளம் அறுக்கிற கட்டரின் வயரை அவளே ஹால் பிளக்கில் சொருகினாள். தகடு சுற்ற ஆரம்பித்ததும் பதறினேன். தளத்துக்காகப் பதறினேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும், ஆனால் அது பொய். அறுத்துப் பார்த்தால் அடியில் வெறும் மண்தான் இருக்கும், என் மானம் கப்பலேறும். அதற்குத்தான் பயந்தேன். அவளைப் பார்த்தேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஹாலில் மாட்டியிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. மூன்று மணிக்கு எடுக்க வேண்டிய பாடத்தைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"நிறுத்துங்க தம்பி" என்று கத்தினேன். "அங்க குழாயே இல்ல."

தகடு நின்றது. "பாத்திக்கு அடியில எல்போ இருக்கு. நான்தான் வெச்சேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இடத்தைக் காட்டுங்க" என்றார், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மண்வெட்டியை எடுத்து நானே தோண்டினேன். செடிகள் போன இடம் தெரியவில்லை. எல்போவை அறுத்தெடுத்து, என் வண்டியில் கிடந்த, மெதுவாகத் திரும்புகிற நீள வளைவுத் துண்டை வைத்து இணைத்தேன். கேபிள்காரர் மொட்டைமாடிக்கு ஏறி, ஒரு மணிக்குப் போக வேண்டிய வீட்டுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். தப்பு என்னுடையது, மன்னிப்பு அவருடையது. ராடு ஒரே தள்ளில் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது. இரண்டு நாற்பதுக்கு இன்டர்நெட் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. தளத்தில் நிஜமாகவே ஒரு கீறல் இல்லை.

அவர் போன பிறகு மண் கையோடு ஹாலுக்குள் போனேன். அவள் திரையைச் சரிபார்த்துக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

"ராடு நின்னப்பவே உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"கட்டர் வயரை நான் சொருகாம, அவர் கிளம்பியிருந்தா? மூணு வாரம் ஆனாலும் சொல்லியிருக்க மாட்டீங்க, இல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணினி மணி அடித்தது. அவள் எழுந்து வந்து என்னை வெளியே நகர்த்தி, கதவைச் சாத்தினாள். உள்ளே, ஒன்பது வருடமாக நான் கேட்காத டீச்சர் குரலில், "எல்லாருக்கும் வணக்கம்" என்றாள்.

சொல்லியிருப்பேன் என்று மூடின கதவைப் பார்த்து மெதுவாகச் சொன்னேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.