ஜாவா வகுப்பில் ஒரு நாற்காலி

வங்கியில் எல்லாருக்கும் உத்தரவு வந்திருந்தது. ஆளுக்கொரு கணினி மொழி படித்தாக வேண்டும். பைத்தான், இல்லாவிட்டால் ஜாவா. பதினாறு சனிக்கிழமை வகுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் பதிய வேண்டும், பதிந்தபின் மாற்ற முடியாது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு லா?" என்றார் ஈவாவின் மேலாளர் சிதம்பரம். "தினமும் எக்செல்ல ரிப்போர்ட் போடுறீங்க. பைத்தான் படிச்சா அரைநாள் வேலை அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். ஜாவாலாம் மேல்மாடி சிஸ்டம் ஆளுங்களுக்கு."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அந்த மேல்மாடியில்தான் முனீரா இருந்தாள்.

ஒன்பது வருடம் பக்கத்து மேசை. மதியமானால் இருவரும் தேக்கா உணவங்காடிக்கு நடப்பார்கள். முனீரா முந்திக்கொண்டு ஓடி, டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடிப்பாள். ஈவா வரிசையில் நின்று மீன்கறிச் சோறு வாங்கி வருவாள். மூன்று மாதத்துக்கு முன் முனீராவை மேலே மாற்றினார்கள். அங்கே சாப்பாட்டு நேரம் வேறு. அன்றிலிருந்து ஈவா தன் மேசையிலேயே ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். ஈசூனில் அவள் தனியாக இருந்த வீட்டில் டிவி மட்டும்தான் பேசியது. ஞாயிறு தேவாலயப் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் மட்டும் யாராவது அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். நாற்பத்து மூன்று வயதில் இப்படி ஒண்டியாகிப் போவோம் என்று அவள் நினைத்ததே இல்லை.

முனீராவையே கேட்டிருக்கலாம். 'நீ எது எடுக்கிற?' என்று கைப்பேசியில் அடித்தாள், அழித்தாள். கேட்டால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? உதிராது. ஆனால் தான் ஏங்கிக் கிடப்பது தெரிந்துபோகும். மேல்மாடிக்காரி ஜாவாதானே எடுப்பாள் என்று தானாகவே முடிவுகட்டி, ஜாவாவைப் பதிந்துவிட்டாள்.

முதல் சனிக்கிழமை அரைமணி முன்னதாகவே போய், நடுவரிசையில் உட்கார்ந்தாள். மேசைக்கு இரண்டு நாற்காலி. பக்கத்து நாற்காலியில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்தாள். வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், தாண்டிப் போனார்கள். தாமதமாக வந்த ஒரு பெண் உட்காரப் போனவள், பாக்கெட்டைக் கண்டதும் "சாரி" என்று பின்வரிசைக்கு நகர்ந்தாள். இந்த ஊரில் பாக்கெட் இருக்கும் இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

பயிற்சியாளர் வந்தார். பக்கத்தில் இருப்பவரோடு ஜோடி சேரச் சொன்னார். கடைசி வாரம் வரை அதே ஜோடிதான் என்றார். ஈவா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பேசி அதிர்ந்தது. முனீராதான்.

"ஈவாக்கா, எங்க இருக்கீங்க? உங்க வேலைக்கு பைத்தான்தானேன்னு நானும் அதையே எடுத்தேன். பக்கத்துல டிஷ்யூ வச்சு உங்களுக்கு சீட் சோப் பண்ணியிருந்தேன். நீங்க வரவே இல்ல. இப்பதான் வேற ஒருத்தங்க கேட்டாங்க, குடுத்துட்டேன் லா."

ஈவா அதை மூன்று முறை படித்தாள். தன்னையும் ஒருத்தி நினைத்திருக்கிறாள் என்பதில் நெஞ்சு நிறைந்தது. அந்த நிறைவு அடங்குவதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"யாராவது வராங்களா?" என்று அந்த நாற்காலியைக் காட்டிக் கேட்டார் பயிற்சியாளர்.

"இல்ல. யாரும் வரல."

பாக்கெட்டை எடுத்துப் பைக்குள் போட்டாள். அதற்குள் மற்ற எல்லாரும் ஜோடி சேர்ந்திருந்தார்கள்.