சம்பந்திக்கு அரைக் கரண்டியோ

வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதில்தான் எல்லாம் தொடங்கியது.

எங்கள் மகள் ஜெசிக்கா கட்டப்போகும் பொடியன் எத்தியன். அவனுடைய அப்பா நோர்மான், மொன்றியலுக்குத் தெற்கே லொங்குய்யிலிருந்து, வடக்கே லவாலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது அரை டசின் பியர்ப் போத்தல்களோடு வந்தார். கடையில் வாங்கியவை அல்ல, தன் வீட்டு பேஸ்மென்டில் தானே காய்ச்சியவை. தடித்த கண்ணாடி, வெள்ளைப் பீங்கான் மூடி, அதை இறுக்கிப் பிடிக்க ஒரு கம்பி. போகும்போது, குடித்து முடிந்ததும் போத்தல்களை மட்டும் திருப்பித் தரச் சொன்னார். அந்த மாதிரிப் போத்தல் லேசில் கிடைக்காதாம் என்று ஜெசிக்கா எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

என் மனிதர் எமிலியானுஸ் அன்று என்ன செய்தார் என்றால், வாசலில் ஒரு 'போன்ஜூர்' சொன்னார். போத்தல்களை வாங்கும்போது ஒரு 'மெர்சி' சொன்னார். இரண்டுக்கும் நடுவில் பின்னேரம் முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த நாட்டுக்கு வந்து பிள்ளைகள் பெற்று, பேரப்பிள்ளைகளும் கண்டாயிற்று, இன்னும் பிரெஞ்சு வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அவர் என்ன செய்வார், பாவம். புவாண்ட்-கிளேரில் அவர் வேலை செய்த கிடங்கில் வலப்பக்கம் நின்றவர் மன்னார், இடப்பக்கம் நின்றவர் யாழ்ப்பாணம், மேற்பார்வை பார்த்தவர் பருத்தித்துறை. பிரெஞ்சு பேசியது அங்கே நெருப்பு அலாரம் ஒன்றுதான்.

அடுத்த நாள் ஜெசிக்கா போன் எடுத்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு இந்தக் கலியாணம் பிடிக்கேல்லையோ?"

"ஆர் சொன்னது?"

"எத்தியன்ரை அப்பா போகேக்கை காருக்குள்ளை கேட்டவராம். அந்த மனுசன் ஒரு சொல்லும் கதைக்கேல்லை, என்னையே பாத்துச் சிரிச்சுக்கொண்டு இருந்தார், எனக்குப் பயமாக் கிடந்தது எண்டு."

போனை ஸ்பீக்கரில் போட்டேன். இவருக்கு முகம் தொங்கிவிட்டது.

"நான் மரியாதைக்குத்தானே பிள்ளை சிரிச்சனான்."

"அவ்வளவு நேரமோ அப்பா? அவை தங்கடை வீட்டை எங்களைக் கூப்பிட்டிருக்கினம். அங்கையும் நீங்கள் இப்பிடி இருந்தீங்களெண்டா, உங்களுக்கு விருப்பமில்லை எண்டுதான் முடிவெடுப்பினம். பேந்து நான் அந்த வீட்டிலை எப்பிடி முகம் குடுக்கிறது?"

அரசாங்கம் காசில்லாமல் பிரெஞ்சு படிப்பிக்கிறது. வகுப்பு மெத்ரோவுக்குப் பக்கத்தில்தான். ஆனால் நியாயமான வழி எதையும் எங்கள் வீட்டில் முதலில் யோசிப்பதில்லை. நான் போத்தல்களைக் கழுவிப் பையில் வைப்பதைப் பார்த்தபோதுதான் இவருக்கு ஞானம் பிறந்தது.

"வெறும் போத்தலோ குடுக்கப் போறாய், மாக்கிரட்?"

பக்கத்து வீட்டுக் கறிச்சட்டி திரும்பிப் போகும்போது ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுக்கிற ஆட்கள் நாங்கள். அது எனக்கும் தெரியும்.

"போத்தலுக்குள்ளை கொஞ்சம் மிக்சர் போட்டுக் குடுப்பம்," என்றேன்.

"பியர் வந்த போத்தலுக்குப் பியர்தான் போகவேணும். நானும் காய்ச்சினா அந்த மனுசனோடை கதைக்க ஒரு விஷயமும் இருக்கும்."

"எந்தப் பாஷையிலை கதைக்கப் போறியள்?"

"அதைப் பேந்து பாப்பம்."

இப்படித்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே மூடியோடு ஒரு பெரிய வாளி, ஒரு தகரப்பேணி, சூப் பவுடர் அளவில் ஒரு ஈஸ்ட் பைக்கற், பிளாஸ்டிக் குழாய். பேணியைத் திறந்தால் பனம்பாணி மாதிரிக் கறுத்துத் தடித்த ஒரு சாமான். "இதுதான் மோல்ட், பார்லிப் பாகு," என்று இவர் விளக்கினார், தானே கண்டுபிடித்த மாதிரி. அதைச் சுடுதண்ணீரில் கரைத்து, வாளியில் ஊற்றி, பச்சைத்தண்ணீர் விட்டு நிரப்பி, சூடு ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவி மூட வேண்டும். அவ்வளவுதான் வேலை. நூடில்ஸ் அவிக்கத் தெரிந்தவர்களுக்கு இது வரும். இவருக்கு நூடில்ஸ் அவிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

உதவிக்கு நீக்கிலாப்பிள்ளை அண்ணை வந்தார். எங்கள் மாதா கோயில் ஆள்தான். எல்லாவற்றிலும் நிபுணர், ஏனென்றால் எதையும் செய்து பார்த்ததில்லை. "கைக்குழந்தையைப் போலை சூடா வைச்சிருக்கவேணும்," என்றார். உடனே இரண்டு பேருமாக வாளியை அலுமாரி அறைக்குள் வைத்து, என் குளிர்ச்சட்டையை எடுத்து அதற்குப் போட்டு, தொப்பியையும் இழுத்து மூடிவிட்டார்கள். அலுமாரி அறையைத் திறந்தால் யாரோ கட்டையான மனுசி உள்ளே நிற்கிற மாதிரி இருக்கும். மார்ச் மாதக் குளிரில் நான் சால்வையோடு பூசைக்குப் போனேன்.

மூடியில் செருகிய குழாய்க்குள் தண்ணீர் குளுக் குளுக் என்று குமிழி விட்டது. இவர் கதிரை போட்டுப் பக்கத்திலேயே இருந்து கேட்டார். என் பிள்ளைகள் பிறந்தபோது வேலை முடிந்து ஆற அமர வந்த மனிதர்.

பிறகு குமிழி அடங்கி, போத்தலில் அடைக்கும் நாள் வந்தது. ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் கொஞ்சம் சீனி போட்டு மூடினால்தான் பியருக்கு நுரை வருமாம். நீக்கிலாப்பிள்ளை அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்கத்தாளை வாசித்தார்.

"போத்தலுக்கு அரைத் தேக்கரண்டி எண்டு கிடக்கு."

"அரைக் கரண்டியோ?" என்றார் இவர். "வீதியாலை போறவன் வந்தாலே தேத்தண்ணிக்கு ரெண்டு கரண்டி போடுறம். சம்பந்திக்கு அரைக் கரண்டியோ?"

"அதுவும் சரிதான்," என்றார் அண்ணை. எது சொன்னாலும் அவருக்குச் சரிதான்.

"எழுதிக் கிடக்கிறதை ஏன் மாத்திறியள்?" என்று நான் கேட்டேன்.

"அது வெள்ளைக்காரர் தங்களுக்கு எழுதினது."

"நோர்மானும் வெள்ளைக்காரர்தானே."

"அவர் சம்பந்தி," என்று சொல்லிவிட்டு, இரண்டு கரண்டி போட்டார். தட்டையாக அல்ல, கோபுரமாக.

மிஞ்சிய பியரைப் பழைய சோடாப் போத்தல்களில் ஊற்றி, அதற்கும் அதே சீனி. கொஞ்ச நாளில் அந்தப் பிளாஸ்டிக் போத்தல்கள் கல்லு மாதிரி இறுகி, அடி வீங்கி, நிமிர்ந்து நிற்க முடியாமல் ஆடின. அறிவுள்ளவர்கள் பயப்படுவார்கள். இவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியோ, என்ன பலம் எண்டு."

நீக்கிலாப்பிள்ளை அண்ணை ஒரு விரலால் மெல்ல அமத்திப் பார்த்தார். "நல்ல சாமான்," என்றார்.

"ஒண்டை உடைச்சுக் குடிச்சுப் பாருங்கோவன்," என்றேன்.

"சம்பந்திக்கு முதல் நாங்கள் வாய் வைக்கிறதோ?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். மரியாதை என்றால் எங்கள் ஆட்கள் உயிரையும் விடுவார்கள். மற்றவர்களின் உயிரையும்தான்.

நோர்மான் வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை ஜெசிக்கா கார் ஓட்டினாள். இவர் போத்தல் பையைப் போர்வையால் சுற்றி மடியில் வைத்திருந்தார். பனிக்காலம் முடிந்த மொன்றியல் றோட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. குழி இல்லாத இடத்தில் செம்மஞ்சள் கூம்பு நிற்கும், கூம்பு இல்லாத இடத்தில் குழி இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் மடியில் போத்தல்கள் கிலுங்கின.

"என்ன கதைக்கப் போறீங்கள் அப்பா?" என்று ஜெசிக்கா கேட்டாள்.

"அதெல்லாம் வரும்."

"வராட்டி?"

இவர் ஜன்னலால் பாலத்தைப் பார்த்தார். கை மட்டும் போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தது. பயந்துபோய் இருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. விளங்கி என்ன, எனக்கும் பிரெஞ்சு தெரியாது.

நோர்மானுக்குப் போத்தல்கள் நிரம்பி வந்ததைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இவரைக் காட்டி, நீங்களா செய்தது என்று கையால் கேட்டார். "உய்," என்றார் இவர். ஓம் என்று. அவருடைய பெண்சாதி லூசி கிளாஸ்கள் எடுத்து வைத்தாள். எத்தியனும் ஜெசிக்காவுமாக எல்லோரும் குசினி மேசையைச் சுற்றி நின்றோம். நோர்மான் ஒரு போத்தலை எடுத்துக் கம்பியைத் தள்ளினார்.

வெடி மாதிரி ஒரு சத்தம். பீங்கான் மூடி கம்பியோடு பின்னுக்கு அடித்தது. பியர் நேரே மேலே போய், முகட்டில் பட்டு, விளக்கில் வழிந்து, லூசியின் தலையில் இறங்கியது. போத்தலில் மிஞ்சியது ஒரு மிடறுதான்.

நோர்மானின் மூக்கு நுனியில் நுரை. ஜெசிக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நான் இவரைப் பார்த்தேன். அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு மெல்ல மெல்ல முகத்தில் ஏறத் தொடங்கியிருந்தது.

"அப்பா, சிரிக்காதேங்கோ," என்றாள் ஜெசிக்கா, பல்லைக் கடித்தபடி.

இவர் வாயை மூடினார். திரும்பத் திறந்தார். "சுக்ர்," என்றார். சீனி. தன் நெஞ்சைத் தொட்டு, பிறகு இரண்டு விரலை நீட்டி, "டூ," என்றார். இவருக்கு வேர்த்துக் கொட்டியது. பிறகு கையால் நோர்மானையும் லூசியையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டு, "பூர் லா ஃபமீய்," என்றார். குடும்பத்துக்கு.

நோர்மான் ஜெசிக்காவைப் பார்த்தார். அவள் பிரெஞ்சில் விளக்கினாள். தாளில் எழுதியிருந்தது அரைக் கரண்டி, அதைச் சொந்தக்காரருக்குப் போட அப்பாவுக்கு மனம் வரவில்லை என்று சொன்னாளாம். நோர்மான் ஒன்று கேட்டார். அவள் இவர் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அப்ப உங்களுக்கு இந்தக் கலியாணம் விருப்பமோ எண்டு கேக்கிறார்."

"விருப்பமில்லாட்டி அரைக் கரண்டியெல்லோ போட்டிருப்பன்," என்றார் இவர்.

அதையும் அவள் சொன்னாள். நோர்மான் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கிளாஸ்கள் ஆடின. போத்தலில் மிஞ்சிய மிடறைக் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்து, இவரின் தோளில் கையைப் போட்டு பேஸ்மென்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மிச்சப் போத்தல்களையும் தூக்கிக்கொண்டு போனார்கள். கீழே ஒரு வெடிச் சத்தம் கேட்கும், பிறகு இரண்டு ஆம்பிளைகளின் சிரிப்புக் கேட்கும், பிறகு இவரின் குரல், "சுக்ர், சுக்ர்" என்று. வைத்திருந்த சொற்களை எல்லாம் அன்று ஒரே நாளில் செலவழித்தார்.

இனிச் சம்பந்தம் பேசி முடித்தது தான்தான் என்று கோயில் முழுக்கச் சொல்லித் திரிவார். நீக்கிலாப்பிள்ளை அண்ணை, சீனி தன்னுடைய யோசனை என்பார். சொல்லட்டும்.

மேலே முகட்டைத் துடைத்தது நானும் லூசியும். நான் ஏணியில், அவள் கீழே வாளியோடு, தலை இன்னும் ஈரம். பேஸ்மென்ட் பக்கம் பார்த்து என்னவோ சொன்னாள். விளங்கவில்லை. ஆனாலும் புருசனைத் திட்டுகிற குரல் என்று தெரிந்தது. நானும் என் பங்குக்குத் தமிழில் கொஞ்சம் திட்டினேன். தலையை ஆட்டினாள்.

ஜெசிக்கா வாசலில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா கதைச்சிட்டார், அம்மா."

"ஓம் பிள்ளை, கேட்டனான். வந்து ஏணியைப் பிடி."